மாடு மேய்ப்பவர் பாட்டும் படைவீரர் கண்ணீரும்

வெளியூரில் இருப்பவரை ஒரு பாட்டு கலங்கடிப்பது அதன் மெட்டால்தான் என்று நினைக்கிறோம். சுவிட்சர்லாந்தின் பழைய அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் மந்தையை அழைக்கப் பாடும் மெட்டு ஒன்று உண்டு. அந்நிய மன்னர்களிடம் கூலிப்படையாகப் போன சுவிஸ் வீரர்கள் அதைக் கேட்டால் அழுவார்கள், ஓடிப்போவார்கள், செத்தும் போவார்கள். அதனால் அதை இசைப்பதற்கே மரண தண்டனை என்று 1768 இசை அகராதியில் தத்துவஞானி ரூசோ எழுதினார். தண்டனைக் கதை மிகையாக இருக்கலாம். ஆனால் ஊர் ஏக்கத்தை நோயென்றே 1688-இல் பாசல் நகரில் மருத்துவ மாணவர் யோஹானஸ் ஹோஃபர் விவரித்திருந்தார்.

ரூசோ அதோடு நிற்கவில்லை என்பதே எனக்கு முக்கியம். இந்த விளைவுக்கான காரணத்தை அந்தச் சுரங்களில் தேடிப் பயனில்லை, அயலாரை அது அசைப்பதில்லை, அது இசையாக அல்லாமல் நினைவின் அடையாளமாகவே வேலை செய்கிறது என்றார். சோக மெட்டு யாரையும் உருக்குமே என்று கேட்கலாம். உருக்கும், ஆனால் சோகம் வேறு, ஊர் ஏக்கம் வேறு. மந்தையைக் கூப்பிடும் பாட்டு அழவைக்கப் பிறந்ததல்ல. துள்ளலான திருவிழாப் பாட்டும் ரயில் ஜன்னலோரத்தில் தொண்டையை அடைப்பது இதனால்தான். மூளை ஸ்கேன் வழியாக 2009-இல் பீட்டர் ஜனாட்டா வெளியிட்ட ஆய்விலும், சொந்த நினைவோடு சேர்ந்த பாட்டுக்கே நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி கூடுதலாக இயங்கியது. ரூசோ இன்னொன்றும் கவனித்தார்: மெட்டு மாறவில்லை, ஆனால் சுவிஸ் மக்களின் பழைய எளிய வாழ்க்கை போனதும் அதன் பிடியும் தளர்ந்துவிட்டது.