மண்ணுக்குள் ஓர் ஊர்

காவிரி பாயும் தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் தை மாதம் சம்பா நெல் முற்றிச் சாய்ந்து நிற்கும் காலம். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன்னரே, ஈரம் உலராத வயலில், நெற்பயிரின் ஊடே உழவர் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தூவி விதைப்பர். நெல் அறுபட்டபின், அடித்தாள்களின் இடையே உளுந்து தலைநீட்டும். அதற்கென உழவு இல்லை, பாசனம் இல்லை, அடியுரமும் இல்லை. நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே ஏறத்தாழ எழுபது நாள்களில் அது காய்த்து முதிரும். நெல் உண்டு கழித்த நிலத்தில் இப்பயிருக்கு உணவளிப்பவர் யார்? இவ்வினாவிற்கு விடை மண்ணுக்குள்ளே இருக்கிறது.

மண் உயிரற்ற பொருள் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது மக்கள் நெருங்கி வாழும் ஊர் போன்றது. வளமான நிலத்தில் எடுத்த ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருத்தல் கூடும். அவற்றோடு பூசணங்களும், பாசிகளும், ஓரணு உயிர்களும் வாழ்கின்றன. ஆலந்து நாட்டுத் துணி வணிகராகிய லீவன்ஹாக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே நீர்த்துளியில் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். எனினும், அவை வயலில் ஆற்றும் பணி புலப்பட மேலும் இருநூறு ஆண்டுகள் கழிந்தன. ஊரில் நட்பும் வாணிகமும் பகையும் இருப்பன போல, இவ்வுயிர்களிடையேயும் அவை உண்டு. அவ்வுறவுகளின் விளைவையே நாம் நிலவளம் என்கிறோம்.

முதலில் நட்பைக் காண்போம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதுவே. ஆயினும், காற்றிலுள்ள நைட்ரஜனை எந்தப் பயிரும் நேரே உண்ண இயலாது. உளுந்தின் வேர் தழைச்சத்துக் குறைந்த மண்ணில் சில பொருள்களைக் கசியவிடுகிறது. அருகிலுள்ள ரைசோபியம் என்னும் பாக்டீரியா அதனை அழைப்பாகக் கொண்டு, தானும் ஒரு பொருளைச் சுரந்து விடையிறுக்கிறது. வேரின் மயிரிழை வளைந்து அதற்கு இடம் தருகிறது. உள்ளே புகுந்த பாக்டீரியா பல்கிப் பெருக, வேரில் சிறு முடிச்சு உருவாகிறது. பயிர், தான் வெயிலில் ஆக்கிய சர்க்கரையைப் பாக்டீரியாவிற்கு அளிக்கிறது. பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிப் பயிருக்கு அளிக்கிறது. இவ்வுண்மையைச் செருமானிய அறிஞர் எல்ரீகல் 1886ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1888ஆம் ஆண்டில் ஆலந்து அறிஞர் பெயரிங்க் முடிச்சிலுள்ள பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். ஒரு மாதப் பயிரை வேர் அறாமல் தோண்டி எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அந்நிறம், பணி நடைபெறுகிறது என்பதற்குச் சான்றாகும்.

அடுத்தது வாணிகம். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதில்லை. வேர் தன்னைச் சூழ்ந்த சத்தை உண்டு தீர்த்தபின், சற்றே தொலைவிலுள்ளதை எட்ட மாட்டாது. அங்கே வேர்ப்பூசணம் துணைக்கு வருகிறது. மயிரினும் மெல்லிய அதன் இழைகள், வேர் புக முடியாத இடுக்குகளிலும் புகுந்து மணிச்சத்தைக் கொணர்கின்றன. விலையாகச் சர்க்கரையைப் பெறுகின்றன. நிலத்தில் வாழும் செடிகொடிகளுள் மிகப் பல இத்தகைய உறவு கொண்டவையே. 1885ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பிராங்க் இவ்வுறவிற்குப் பெயரிட்டார்.

ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாதலும் இவ்வூரின் வழக்கம். விழுந்த இலையையும் வேரையும் பூசணங்களும் பாக்டீரியாக்களும் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. அதனை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்ற, அந்நைட்ரைட்டை வேறொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றுகிறது. ஓரணு உயிர்கள் பாக்டீரியாக்களை விழுங்கி வாழ்கின்றன. தமக்கு மிகுதியான நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியிடுகின்றன. பாக்டீரியாவின் உடலில் அடைபட்டுக் கிடந்த சத்து இவ்வாறு விடுபட்டு வேரை அடைகிறது.

பகைமையும் உண்டு. திரைக்கோடெர்மா என்னும் பூசணம், வேரை அழுகச் செய்யும் பிற பூசணங்களைச் சுற்றிப் பற்றி உண்கிறது. திரெப்டோமைசிஸ் என்னும் இனம் பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கிறது. அமெரிக்க நாட்டில் வாக்சுமன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், 1943ஆம் ஆண்டில் சாட்சு என்னும் இளைஞர் அவ்வினத்திலிருந்தே திரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டறிந்தார். எலும்புருக்கி நோயால் மாண்டொழிய இருந்த எண்ணற்றோரை அது காத்தது. கோடை மழையின் முதல் துளி பட்டதும் எழும் மண்வாசனைக்கும் இவ்வினமே பெரும்பாலும் காரணம். அவ்வாசனையை நாடி வரும் ஒருவகைச் சிறு பூச்சி, இதன் வித்துகளைச் சுமந்து சென்று பரப்புகிறது என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இத்தகைய ஊர் கெடுவது எதனால்? அறுவடைக்குப்பின் தாளைக் கொளுத்தினால், இவ்வுயிர்களுக்கு உணவாக வேண்டியது சாம்பலாகிறது. மேல்மண்ணில் உள்ளவை வெப்பத்தால் மடிகின்றன. தழைச்சத்து உரத்தை அளவின்றி இட்டால், பயறு தன் வேரில் முடிச்சுகளை மிகுதியாக உண்டாக்குவதில்லை. வேண்டியது வெளியே கிடைக்கும்போது, சர்க்கரையை விலையாகக் கொடுத்து நட்புப் பேணுவானேன்? மணிச்சத்து உரம் மிகுந்தால் வேர்ப்பூசணத்தின் உறவும் தளர்கிறது. உரம் வேண்டுவதே, அளவு கடந்த உரமே தீங்கு. பழைய நட்பு அற்ற நிலத்தில் உழவர் ஆண்டுதோறும் கூடுதலாக உரம் வாங்க நேரிடும். அதற்கெனக் கடன்படுவோரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத உயிரின் இழப்பு, கண்ணுக்குத் தெரியும் வறுமையாக வீட்டு வாயிலில் வந்து நிற்கும்.

காக்கும் வழிகளும் அரியன அல்ல. தொழுவுரம் இடுதல், ஆட்டுக்கிடை அமர்த்துதல், தக்கைப்பூண்டு, கொளுஞ்சி, சணப்பை ஆகியவற்றை வளர்த்து மடக்கி உழுதல் ஆகியன நம் உழவர் நெடுங்காலமாக அறிந்தவை. வைக்கோலை மட்டும் மடக்கி உழுது உடனே பயிரிட்டால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ள, பயிர் சில நாள் வெளிறி நிற்கும். ஆதலின் அது மக்குவதற்குக் காலம் தருதல் வேண்டும். இந்நாளில் உழவர், ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கின்றனர். அதிலும் தேர்ச்சி வேண்டும்; கொண்டைக்கடலைக்கு உரிய இனம் உளுந்திற்கு உதவாது.

நெல்லையும் உளுந்தையும் விளைவிப்பவர் உழவர். அவருடன் கூலி கேளாமல் இரவும் பகலும் உழைப்போர் மண்ணுக்குள் உள்ளனர். அவர்களுக்கு உணவிட்டு, அவர்கள் இல்லத்தை எரிக்காமல் காப்பது உழவர் கடமை. அவ்வுணவை உண்டு வாழும் நாம் அவ்வுண்மையை அறிந்து, உழவருக்குத் துணை நிற்பது நம் கடமை. நிலம் நமக்கு முன்னோர் விட்டுச் சென்ற செல்வம். பின்வருவோருக்கு அதனை உயிருடன் ஒப்படைத்தலே நன்றி மறவாமையாகும்.