எத்தனை கிலோமீட்டரில் வேகும்?

பைக்கிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலில் சைலன்சர் பட்ட தழும்பு நம் ஊரில் பலருக்கு உண்டு. ஒரு நொடிதான் பட்டிருக்கும். கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதே சூட்டைக்கொண்டு கனடாவிலும், மின்னசோட்டா, மிச்சிகன் போன்ற அமெரிக்க மாநிலங்களிலும் பனிக்காலத்தில் மதியச் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள் காலையில் கிளம்பும்போதே சாசேஜையோ இறைச்சித் துண்டுகளையோ அலுமினியத் தாளில் சுற்றி, பானெட்டைத் திறந்து புகைக்குழாயின் மேல் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். எவ்வளவு நேரத்தில் சூடாகும் என்று அவர்களைக் கேட்டால் நிமிடக் கணக்கு வராது. இத்தனை மைல் என்றுதான் பதில் வரும்.

முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் சுழலும் ரப்பர் பட்டை. ஸ்னோமொபைல் என்பது இவ்வளவுதான். கனடாவின் கியூபெக் மாநிலத்தின் வால்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே இதன் வரலாற்றில் முக்கியமான பெயர். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்னஞ்சிறு மகனுக்கு வயிற்றுக்குள் சீழ் பிடித்தது. பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனிமேல் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்த அவர், 1937இல் பல்சக்கரத்தால் இழுக்கப்படும் பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்தவை பலர் உள்ளே உட்காரும் மூடிய வண்டிகள். ஒருவரோ இருவரோ ஏறிப் போகும் திறந்த வண்டியான ஸ்கி-டூ 1959இல்தான் வந்தது. வண்டி சிறிதானது, ஓட்டுகிறவர் காற்றுக்கு நேரே வந்து உட்கார்ந்தார்.

அந்தக் காற்று எப்படிப்பட்டது? வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி, எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 33 டிகிரிக் குளிராகப் படும். வண்டியின் வேகம் கூடக்கூட இது இன்னும் இறங்கும். இப்படி மூன்று மணி நேரம் போன உடம்பு சூடான ஒரு கவளத்துக்கு எப்படி ஏங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கையடக்க கேஸ் அடுப்பு ஒன்றை எடுத்துப் போகலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் இருக்கிறது. சாதாரண கேஸ் குப்பிகளில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது மைனஸ் அரை டிகிரியில் கொதிக்கும் திரவம். அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆவியாக மறுத்துக் குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும், அடுப்பு பற்றாது. மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும் புரொப்பேனோ பெட்ரோல் அடுப்போ உதவும்தான். ஆனால் காலுக்கடியிலேயே ஓர் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைச் சுமப்பானேன்?

எஞ்சின் ஓர் அடுப்புதான். பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகப் போகிறது. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகவே வெளியேறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் ஆற்றல் உண்டு. 30 கிலோமீட்டர் பயணத்துக்கு 5 லிட்டர் செலவாவதாக வைத்துக்கொண்டால், புகையோடு போகும் வெப்பம் மட்டும் 5 கோடி ஜூலைத் தாண்டும். அரைக் கிலோ சாசேஜை உறைநிலையிலிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு வேண்டும்? சுமார் 1.3 லட்சம் ஜூல். நானூறில் ஒரு பங்கு! நாலு பேர் வயிறார உண்ணும் சூடு, வீணாகப் போகும் வெப்பத்தில் ஒரு சிட்டிகைதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, வண்டிகளின் புகைக்குழாயை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

அந்தக் குழாயின் வடிவமும் சமையலுக்குத் தோதாக அமைந்துவிட்டது. நீண்டகாலமாக ஸ்னோமொபைல்களில் பெரும்பாலும் இருந்தவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். நம் ஊர் ஆர்எக்ஸ் 100 பைக்கின் இனம். இவ்வகை எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் வாயும் புதுக் கலவை உள்ளே வரும் வாயும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் எரியாத பெட்ரோலும் புகையோடு ஓடிவிடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் குழாயின் நடுவில் மீன் வயிறு மாதிரி ஒரு புடைப்பு. புகையோடு கிளம்பும் அழுத்த அலை அந்தப் புடைப்பைக் கடந்து குறுகும் இடத்தில் மோதித் திரும்புகிறது. ஓடப் பார்த்த கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் பந்தய பைக்குகளுக்காக 1950களில் இந்தக் கலையை மெருகேற்றியவர் பொறியாளர் வால்டர் காடன். குதிரைத்திறனுக்காகப் பிறந்த அந்தப் புடைப்பு, பொட்டலம் வைக்க வசதியான மேடையாகவும் ஆகிவிட்டது.

சிலிண்டரை விட்டு வெளியேறும் புகை, வண்டி ஓடும் விதத்தைப் பொறுத்து 600 டிகிரியை எட்டும். குழாயின் வெளிப்புறம் அதைவிடக் குறைவு. என்றாலும் நூறைத் தாண்டிய சூடுதான். தாளில் சுற்றிய பொட்டலத்தை அதன்மேல் நேராக வைத்தால் அடிப்பக்கம் கரியாகும், மேல்பக்கம் பச்சையாகவே இருக்கும். அதனால்தான் புகைக்குழாயில் பொருத்துவதற்கென்றே மூடியோடு கூடிய சிறிய உலோகப் பெட்டிகள் கடைக்கு வந்தன. ஹாட் டாகர் என்பது அவற்றில் ஒன்றின் பெயர். குழாய்க்கும் உணவுக்கும் நடுவே இந்தப் பெட்டி இருப்பதால் சூடு பரவலாகச் சேர்கிறது.

மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது தண்ணீர். இட்லிப் பானையில் நடப்பதுதான் இங்கேயும். பொட்டலத்துக்குள் ஈரம் இருக்கும்வரை அது ஆவியாகிச் சூட்டைச் சுமந்து எல்லாப் பக்கமும் கொண்டுபோகும். வெப்பநிலையும் நூறை ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றியதும் காவல் போய்விடும். 140 டிகிரி வாக்கில் இறைச்சி பழுப்பேறி வறுத்த மணம் வரும். பிரெஞ்சு வேதியியலர் லூயி-காமில் மையார் 1912இல் விளக்கிய வினை இது. அதையும் தாண்டினால் கரி. விவரம் தெரிந்தவர்கள் பொட்டலத்தில் கொஞ்சம் வெங்காயமோ சாஸோ சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல, ஈரத்துக்காகவும்தான்.

உறைந்த உணவை அப்படியே வைத்தால் கணக்கு மாறிவிடும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். உருகிய நீரை 80 டிகிரி சூடாக்க ஆகும் அதே செலவு! வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல் இவ்வளவு ஆற்றல் உருகுவதற்கே போய்விடுகிறது. வெளிப்பக்கம் தீய்ந்து நடுவில் பனிக்கட்டி நிற்கும் சாசேஜ் இப்படித்தான் உருவாகிறது. முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைப்பதும், கிளம்பும்போது கோட்டுக்குள் வைத்துக்கொள்வதும் நல்ல யோசனைகள்.

ஏற்கெனவே வேகவைத்த சாசேஜ் என்றால் சூடானால் போதும். பச்சைக் கோழியை இந்த முறையில் வேகவைப்பதை நான் ஏற்க மாட்டேன். மேட்டில் ஏறும்போது ஒரு சூடு, சமதளத்தில் மெல்லப் போகும்போது ஒரு சூடு என்று மாறிக்கொண்டே இருக்கும் அடுப்பு இது. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால்தான் கிருமிகள் சாகும். முள் வெப்பமானியைக் குத்திப் பார்க்காமல் அதை அறிய வழியில்லை.

டின் உணவை மூடியபடியே வைப்பது இன்னும் மோசம். மூடிய டப்பாவில் தண்ணீர் 180 டிகிரியை எட்டினால் உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்காகும். வெயிட் இல்லாத, சேஃப்டி வால்வும் இல்லாத குக்கர் அது. வெடிக்கும். பொட்டலத்திலிருந்து கொழுப்பு ஒழுகிக் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கலாம். பொட்டலமே நழுவினால் பக்கத்தில் சுழலும் ரப்பர் பெல்ட்டில் சிக்கும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது புகையை. உணவு குழாயின் வெளிப்புறத்தைத்தான் தொட வேண்டும். புகை அதன்மேல் படவே கூடாது. டூ-ஸ்ட்ரோக் புகையில் எரியாத பெட்ரோலும் ஆயிலும் கலந்திருக்கும். குழாயின் இணைப்புகளை ஸ்பிரிங்குகள்தான் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த இடத்தில் கசிவு இருக்கலாம். ஆகவே பொட்டலத்தை அங்கிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். உணவு சரியாகச் சூடாகவில்லையே என்று வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவது உயிரோடு விளையாடுவது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வரும். தூங்கினால் எழ முடியாமலே போகலாம்.

இந்த ஒரு விஷயத்தில் பனி நாட்டுக்கும் நம் ஊருக்கும் வித்தியாசமில்லை. மூடிய ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள்.