கால்கரி நகரத்துக் குதிரைத் திருவிழா

கனடா தேசத்தின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைத் தொடருக்குக் கிழக்கே அமைந்துள்ளது கால்கரி நகரம். அங்கே வருஷந்தோறும் ஜூலை மாதத்தில் பத்து நாட்கள் ‘ஸ்டாம்பீட்’ என்னும் பெருவிழா நடைபெறுகிறது. கால்நடை மந்தை மிரண்டு ஓடுவதைக் குறிக்கும் சொல் அது. தூர தேசங்களிலிருந்து திரண்டு வரும் ஜனங்களோடு நாமும் அதைக் காணச் சென்றிருந்தோம்.

நம் மனத்தைக் கவர்ந்தது அடங்காக் குதிரை மீது ஏறும் பந்தயமே. மரக்கதவு திறந்ததும், குதிரை துள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. வீரன் ஒரு கையால் தலைக்கயிற்றைப் பற்றிக்கொண்டு, மற்றக் கையை எதிலும் படாமல் உயர்த்தியவாறே எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 100. அதில் பாதி வீரனுடைய திறமைக்கு. மறுபாதி குதிரையின் துள்ளலுக்கு! சாதுவான குதிரை வாய்த்தவன் பரிசைப் பெறுவது அரிது.

இவ்விழா முதன்முதலாக 1912-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நடந்தது. கை வீடிக் என்னும் அமெரிக்கர் யோசனை கூற, நான்கு பெரும் பண்ணைச் செல்வர்கள் பொருளுதவி செய்தனர். அக்காலத்தில் எட்டு விநாடிக் கணக்கு இல்லை. குதிரை ஓயும்வரை அதன் முதுகில் இருக்க வேண்டும். ‘சைக்ளோன்’ என்றொரு முரட்டுக் குதிரை. அதற்குமுன் 129 பேரைக் கீழே தள்ளிவிட்டதென்று அதற்குப் பெயர். அதன்மீது ஏறி அமர்ந்து, அது களைத்து நிற்கும்வரை விடாமலிருந்து வெற்றிமாலை சூடியவர் டாம் த்ரீ பெர்ஸன்ஸ். இவர் வெள்ளையரல்லர், கைனாய் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர்.

அந்த ஜய கோஷம் அடங்கி இரண்டு வருஷங்களே சென்றிருக்கும். 1914-ல் கனடிய அரசாங்கம் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. மேற்கு மாகாணங்களின் பூர்வகுடிகள் அதிகாரிகளின் உத்தரவின்றித் தங்கள் பாரம்பரிய உடையணிந்து எந்தக் காட்சியிலும் ஊர்வலத்திலும் கலந்துகொள்ளலாகாது என்பதே அதன் சாரம். விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் ‘ஸ்டாம்பீட்’ என்ற சொல்லும் இடம்பெற்றது. தம் நாட்டில், தம் உடையை உடுத்துவதற்கு அந்நியரிடம் அனுமதி! இத்தகைய தடைகள் 1951-ல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றன. தங்கள் சட்ட அந்தஸ்தை இழக்காமல் தேசத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையோ, 1960-ல்தான் அவர்களுக்குக் கிட்டியது.

ஆயினும் அவர்கள் விழாவைக் கைவிடவில்லை. அதிகாரிகள் முகம் சுளித்த காலத்திலும் உத்தரவு பெற்று வந்து, கூடாரம் அடித்து, தங்கள் ஆடலையும் பாடலையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். சிக்ஸிகா, கைனாய், பிக்கானி, ஸூட்டினா, ஸ்டோனி நகோடா ஆகிய ஐந்து குடியினரின் கூம்புக் கூடாரங்கள் இன்றும் எல்போ நதிக்கரையில் வரிசையாக நிற்கின்றன. முன்னாளில் ‘இந்தியக் கிராமம்’ என்று வழங்கிய அவ்விடத்திற்கு 2018-ல் ‘எல்போ நதி முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள்.

பந்தயக் களத்தின் ஆரவாரத்திலிருந்து விலகி நாம் அங்கே சென்றபோது, முரசு ஒலித்துக்கொண்டிருந்தது. இறகும் மணியும் அணிந்த ஒரு சிறுமி, தன் பாட்டியின் காலடியைப் பார்த்துப் பார்த்துத் தானும் அடியெடுத்து ஆடினாள். அவளிடம் உத்தரவுச் சீட்டுக் கேட்பார் எவருமில்லை. அன்று கண்ட வீரக் காட்சிகள் அனைத்திலும் இதுவே நம் நெஞ்சில் நிலைத்து நிற்கிறது.