காலையில் கிளம்ப மறுக்கும் டீசல் வண்டி

பார்க்கப் போன அன்று சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வண்டி, வாங்கி வீட்டில் நிறுத்திய மறுநாள் காலை செல்ஃப் அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. பழைய டீசல் வண்டி வாங்கிய பலரும் சொல்லும் புகார் இது. விற்றவரைக் கேட்டால், “என்கிட்ட இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்லையே” என்பார். பட்டறைக்குப் போனால் பேட்டரி, ஹீட்டர் பிளக், நாசில் என்று செலவு நீளும். எதையும் மாற்றுவதற்கு முன், வண்டி எப்போது, எப்படி மறுக்கிறது என்று கவனியுங்கள். பழுது எந்தப் பக்கம் என்பது பாதிக்கு மேல் அதிலேயே தெரிந்துவிடும்.

டீசல் எப்படிப் பற்றுகிறது?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் ஏறக்குறைய 15 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே சங்கதிதான். காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும்போது நாசில் டீசலைத் தூவுகிறது. அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஆக, மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். காற்று போதிய அளவு சூடேற வேண்டும். டீசல் போதிய அழுத்தத்தில் வந்து சேர வேண்டும். வண்டி கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது.

செல்ஃப் இழுக்கிறதா?

முதலில் காதைக் கொடுங்கள். ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றாலோ, எஞ்சின் முக்கி முக்கிச் சுற்றினாலோ மின்சாரப் பக்கம்தான் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்கே போய்விடும், டீசல் பற்றாது.

முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அது அந்த வண்டிக்கு உரிய அளவுள்ள பேட்டரிதானா என்று கையேட்டோடு ஒப்பிடுங்கள். டீசல் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் ஆம்பியர் வேண்டும். விற்கும் அவசரத்தில் சிறிய பேட்டரியை மாட்டியிருக்கவும் கூடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைத் தூள், எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரின் தளர்வு ஆகியவற்றையும் பார்த்துவிட்டுப் புது பேட்டரிக்குப் பணம் கொடுங்கள்.

புகை சொல்வது

செல்ஃப் நன்றாக இழுத்தும் வண்டி கிளம்பவில்லையா? ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிச் சைலன்சரைக் கவனியுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை; அதாவது சூடு போதவில்லை.

சூடு போதாததற்கு முதல் காரணம், சிலிண்டருக்குள் சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக் கெட்டிருப்பது. சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரிவது அந்தப் பிளக் சூடேறுவதைக் காட்டத்தான். அது அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். நாலில் ஒரு பிளக் செத்திருந்தால், வண்டி உதறிக்கொண்டு கிளம்பி, கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டுப் பிறகு சீராகும். சென்னை வெயிலில் இந்தக் குறை தெரியாமலே காலம் ஓடலாம். அதே வண்டியை ஊட்டியில் ஓர் இரவு நிறுத்தினால் மறுநாள் தெரிந்துவிடும்.

பிளக்குகள் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை வந்தால் கம்ப்ரஷன் குறைவாக இருக்கலாம். அது எஞ்சின் தேய்மானத்தின் அறிகுறி. எதையும் கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

இரவில் இறங்கிவிடும் டீசல்

காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது, பகல் முழுதும் ஒரு தொல்லையும் இல்லை என்றால், டீசல் லைனில் ஏர் பிடிப்பதைச் சந்தேகிக்கலாம். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும் அங்கே டீசல் சொட்டாமல் போகலாம். மாறாக, வெளிக்காற்று உள்ளே நுழையும். இரவு முழுக்க வண்டி நிற்கும்போது லைனில் உள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஃபில்டர் மாற்றியபோது ரப்பர் வாஷர் சரியாக உட்காராமல் போனாலும் இதே கதைதான்.

கைப் பம்ப் உள்ள வண்டியில் சோதிப்பது எளிது. காலையில் செல்ஃப் அடிக்கும் முன் அந்தப் பம்பை அது இறுகும்வரை அழுத்துங்கள். அதன் பிறகு வண்டி உடனே கிளம்பினால் பழுது உறிஞ்சும் பக்கத்தில்தான். ஃபில்டருக்கு முன் தற்காலிகமாக ஒரு கண்ணாடிபோன்ற டியூபை மாட்டினால் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்படியே ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாகத் தங்கும். எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் தண்ணீர் பம்பையும் நாசிலையும் கெடுத்துவிடும். முன்பிருந்தவர் ஃபில்டரை எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால் வாங்கிய கையோடு மாற்றிவிடுவது நல்லது.

சூட்டில் மறுத்தால்

காலையில் கிளம்பி, ஓட்டிவிட்டு நிறுத்திய பின் மறுக்கும் வண்டியும் உண்டு. காமன் ரெயில் எஞ்சினில் ரெயிலுக்குள் சுமார் 200 பார் அழுத்தமாவது வந்தால்தான் நாசில் திறக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும்; தேய்ந்த நாசில் வழியாக அதிகமாகத் திரும்பி ஓடும்; அழுத்தம் ஏறாது. ஒவ்வொரு நாசிலிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிட்டால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். நான்கையும் மாற்றச் சொல்லும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். கிராங்க் சென்சார் சூட்டில் செத்துப்போனாலும் இதே அறிகுறிதான். ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். எஞ்சின் சூடாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், வண்டி சாவியின் சிப்பை அடையாளம் காணவில்லை என்று பொருள்.

செய்யக் கூடாதவை

பத்து விநாடிக்கு மேல் விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். காற்று போகும் வழியில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் பெட்ரோல் ஊற்றுவதும் ஆபத்து. சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனே உடையலாம். எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் அதோடு நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், “நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், வண்டி மறுப்பதைச் சத்தமும் புகையும் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, மெக்கானிக் முன்னால் ஒழுங்காகக் கிளம்பும். அதனால் முதல்நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் முதல் செல்ஃபை அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.