கிணற்று நீர் யாருக்குச் சொந்தம்?

ஏற்றத்திலும் கவலையிலும் இறைத்த காலத்தில், ஆளும் மாடும் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். இரவில் கிணறு ஊறிவிடும். பம்ப்செட்டும் ஆழ்குழாய்க் கிணறும் வந்த பின் அந்த எல்லை நீங்கிவிட்டது.

இன்று இந்தியா ஆண்டுக்குச் சுமார் 24,000 கோடி கன மீட்டர் நிலத்தடி நீரை எடுக்கிறது. வேறெந்த நாடும் இவ்வளவு எடுப்பதில்லை. இறைத்த நீரில் பெரும்பகுதி ஆவியாகவும் ஆறாகவும் சென்று முடிவில் கடலைச் சேர்கிறது. 1993 முதல் 2010 வரை உலகெங்கும் இவ்வாறு நீர் இடம் மாறியதால், பூமி சுழலும் அச்சே சுமார் 80 செ.மீ. விலகியது என்று 2023-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். இதில் வடமேற்கு இந்தியாவின் பங்கு பெரிது.

தன் நிலத்தின் அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலச் சொந்தக்காரருக்கு 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தருகிறது. ஆனால் நீருக்கு வரப்பு கிடையாது. ஒருவர் 800 அடிக்குப் போர் போட்டால் பக்கத்துக் காட்டின் 60 அடிக் கிணறு வற்றிவிடக்கூடும். மேலும் ஆழப்படுத்தப் பணமில்லாதவரே முதலில் பயிரை இழக்கிறார். நிலமே இல்லாதவருக்கு இந்த உரிமையில் பங்கில்லை.

அப்படியானால் யார் குறைத்துக்கொள்வது? தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. சிறு விவசாயிக்கு அது உயிர்நாடி. எனினும் மோட்டார் அதிகம் உள்ளவருக்கே பயனும் அதிகம். நெல்லையும் கரும்பையும் நாடச் செய்வது அரசின் விலைக் கொள்கை. ஆகவே பழி முழுவதையும் சிறு விவசாயி மீது சுமத்துவது நியாயமல்ல. அதே சமயம், ‘நான் ஒருவன் நிறுத்தி என்ன ஆகும்?’ என்று எல்லோரும் எண்ணினால் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றும்.

மகாராஷ்டிர மாநிலத்தில் மழை குறைந்த ஹிவரே பஜார் கிராமத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். தடுப்பணைகள் கட்டி நீரைத் தேக்கினர். ஆண்டுதோறும் பெய்த மழையைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக மீதிக்கு ஏற்பக் கிராம சபையில் பயிரை முடிவு செய்கின்றனர். பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு போடுவதில்லை என்பதும் அவர்கள் கட்டுப்பாடு.

நம் ஊர்களிலும் இதைத் தொடங்கலாம். நான்கைந்து கிணறுகளில் மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, பொது இடத்தில் எழுதி வையுங்கள். விதைப்புக்கு முன் அந்தக் கணக்கைக் கிராம சபையில் வைத்துப் பேசுங்கள். ஆலைகளும் நகரங்களும் எடுக்கும் நீருக்கும் கணக்குக் கேளுங்கள். தன் கணக்கைக் கையில் வைத்திருக்கும் ஊரே பிறரிடம் கணக்குக் கேட்க முடியும்.