டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகும் கவனம் தேவை

டெங்கு கண்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவரின் ஆலோசனையுடன் வீட்டிலிருந்தே குணமடையலாம். ஓய்வெடுத்து, கஞ்சி, மோர், இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி அருந்த வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ஆகியவை இரத்தக்கசிவைத் தூண்டக்கூடும்.

காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கியதாக எண்ணுவதே பெரும் பிழை. 3 முதல் 7 நாட்களுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் நெருக்கடியானது. உறவினர்கள் தட்டணுக்களின் எண்ணிக்கையையே கேட்கின்றனர். நான் கேட்பதோ, நோயாளி கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பதை. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை, கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், கைகால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவாயினும் உடனே அழைத்து வாருங்கள்.