பார்வை மறையும் சந்தியில் பதறாமல் நிற்போம்

போரினால் கணவனையோ தந்தையையோ உழைத்துத் தந்த மகனையோ இழந்த குடும்பங்கள் பலவற்றில் இன்று வருமானத்தின் முழுச்சுமையும் பெண்ணின் தோளிலேயே இருக்கிறது. தையல், கோழி வளர்ப்பு, சிறுகடை என்று வழமையாகச் சொல்லப்படும் சுயதொழில்களுக்கு அப்பால், முச்சக்கரவண்டியும் சிறிய வானும் ஓட்டப் பெண்கள் முன்வருகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கவும், மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், இரவில் பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்கவும் கையில் ஒரு வாகனம் இருப்பது பெரும் பலம்.

ஆனால் ஊவாவின் வீதிகள் பழகுபவருக்கு இலகுவானவை அல்ல. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை ஊடாக மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடிக்குச் செல்லும் ஏ-5 வீதியை எடுத்துக்கொள்வோம். செங்கலடிப் பக்கம் வீதி சமதரையில் நேராகக் கிடக்கும். வருகின்ற வாகனத்தைத் தூரத்திலேயே காணலாம். பசறைப் பக்கம் அப்படியல்ல. தோட்டப் பாதை பிரதான வீதியில் ஏறும் இடத்தில் ஒருபுறம் மண்மேடு இருக்கும், மறுபுறம் தேயிலைச் செடியோ மதிலோ இருக்கும். பத்து அடி தள்ளியே வளைவு தொடங்கிவிடும். நகரத்துச் சந்திகளிலோ நிறுத்தி வைத்த பஸ்ஸும் லொறியும் பார்வையை மறைக்கும்.

காணாததை இல்லையென்று எண்ணாதீர்கள்

மறைவான சந்தியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வாகனம் வந்துகொண்டிருக்கிறது என்றே எண்ண வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 11 மீற்றர் தூரம் ஓடிவிடும். உங்களுக்கு 20 மீற்றர் வீதிதான் தெரிகிறது என்றால், வளைவில் தலைகாட்டும் வாகனம் இரண்டு செக்கனுக்குள் உங்களிடம் வந்துவிடும். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு வீதியைக் கடக்க முச்சக்கரவண்டிக்கு அதைவிடக் கூடுதலான நேரம் தேவை.

ஆகவே முதலில் முற்றாக நிறுத்துங்கள். வானொலியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் காதால் கேளுங்கள். மலைப்பாதையில் இயந்திரச் சத்தமும் ஹோன் சத்தமும் வாகனத்துக்கு முன்னே வந்துவிடும். இரவில் எதிர்ப்பக்க மண்மேட்டில் வெளிச்சம் நகர்கிறதா என்று பாருங்கள். பின்னர் ஒரு அடி, அரை அடியாக முன்னேறி மீண்டும் நிறுத்துங்கள். வலம், இடம், மறுபடியும் வலம் பாருங்கள். நமது நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால் வலப்பக்கமிருந்து வரும் வாகனமே முதலில் நம்மை எட்டும். ஆயினும் இடப்பக்கத்தை மறந்துவிடக்கூடாது. முந்திச்செல்லும் ஒரு வாகனம் உங்கள் பக்கத்திலேயே வரலாம்.

வலப்பக்கம் திரும்ப வேண்டிய சந்தி மிகவும் மறைவாக இருந்தால், இடப்பக்கம் திரும்பிச் சென்று, இரு பக்கமும் நன்றாகத் தெரியும் அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி வாருங்கள். ஐந்து நிமிடம் தாமதமாவதில் நட்டமில்லை.

ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கிளச்சை மெல்ல விடுகையில் வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பின்னரே பிரேக்கை விடுங்கள். ஹப்புத்தளைப் பக்கம் மூடுபனி இறங்கினால் டிம் லைட்டையே பயன்படுத்துங்கள். ஹை லைட்டின் ஒளி பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும்.

பின்னால் ஹோன் அடித்தால்

பழகும் பெண்கள் பலர் சொல்லும் பயம் வீதியைப் பற்றியது அல்ல, பின்னால் நிற்பவரைப் பற்றியது. ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்தவருக்குத் திடீரென எழும் ஹோன் சத்தம் உடலை நடுங்கவைக்கும். அது கோழைத்தனம் அல்ல. உடல் அனுபவித்ததை மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தில் கிளச்சை விட்டு வீதிக்குள் பாய்ந்துவிடுவதே ஆபத்து.

பின்னால் ஹோன் அடிப்பவருக்கு உங்கள் முன்னால் உள்ள வீதி தெரியாது. “வா, வா” என்று கைகாட்டும் கடைக்காரர் உதவ நினைக்கலாம். ஆனால் உங்கள் கண்ணால் காணும்வரை புறப்படாதீர்கள். ஹோன் கேட்டதும் பிரேக்கை உறுதியாக அழுத்தி, ஒரு மூச்சை மெதுவாக விட்டு, பார்க்கும் வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். இயந்திரம் நின்றுவிட்டால் வெட்கப்பட எதுவுமில்லை. ‘எல்’ பலகை மாட்டியிருப்பதே நீங்கள் பழகுகிறீர்கள் என்பதை மற்றவருக்குச் சொல்லத்தான்.

பசறை தந்த பாடம்

2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. குறைந்தது 14 பேர் உயிரிழந்தனர். சரிந்து கிடந்த பாறையால் ஒடுங்கிப்போன இடத்தில், எதிரே வந்த டிப்பர் வாகனத்தைக் கடக்கும்போதே இது நடந்தது. அனுபவமுள்ள சாரதிகளுக்கும் தடைப்பட்ட வீதி சோதனைதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தில் பல வீதிகள் மண்சரிவினால் தடைப்பட்டன.

இத்தகைய இடத்தில் இரண்டு வாகனங்கள் ஒன்றாக நுழையக்கூடாது. தடைக்கு முன்பே, பள்ளத்தின் ஓரத்துக்குப் போகாமல் நின்று, எதிரே வருபவர் வெளியேறிய பின் செல்லுங்கள். ஒடுங்கிய மலைப்பாதையில் இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு வழிவிடுவது வழக்கம். ஆனால் அவர் நிற்பதைக் கண்ட பின்னரே நகருங்கள். விபத்து நேர்ந்தால் 1990 இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸையும், 119 இல் பொலிஸாரையும் அழைக்கலாம்.

சேர்ந்து செய்யக்கூடியது

எல்லாப் பொறுப்பையும் சாரதியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. உங்கள் ஊரில் பார்வையை மறைக்கும் சந்திகளை மாதர் சங்கக் கூட்டத்தில் பட்டியலிடுங்கள். தோட்டப் பாதையோரச் செடிகளை வெட்டித்தருமாறு தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். ஏ, பி தர வீதிகளில் வளைவுக் கண்ணாடி வைக்கவோ மண்மேட்டைச் சீர்செய்யவோ வேண்டுமானால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், ஊர் வீதிகளுக்குப் பிரதேச சபைக்கும் எழுதுங்கள். ஒருவர் தனியாக எழுதுவதைவிட இருபது பெண்கள் கையொப்பமிட்ட கடிதத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. கடிதத்தின் பிரதியொன்றை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகும்போது வாகனம் குறைந்த நேரத்தில், பகல் வெளிச்சத்தில், ஒரே சந்தியைப் பத்துத் தடவை பழகுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். மொழிக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். எத்தனையோ இழப்புகளைத் தாண்டிக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகின்ற சகோதரிகளே, உங்கள் வண்டி எப்போது நகர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் நீங்களே.